ராணுவ மந்திரிக்கு என்ன வேலை? முன்னாள் ஹவில்தாரின் பதில்கள்

குடியாத்தம்: ஐயா, ராணுவ மந்திரிதானே முப்படைக்கும் தலைவர்?

இல்லை தம்பி. அரசியல் சட்டத்தின் 53-ஆவது பிரிவுப்படி அது குடியரசுத் தலைவர். படையை நடத்துவது தளபதிகள். மந்திரி கொள்கை, காசு, கொள்முதல் பார்ப்பார். நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று பதில் சொல்வார். போர் அளவுக்குப் பெரிய விஷயமென்றால் பிரதமர் தலைமையில் பாதுகாப்பு அமைச்சரவைக் குழு கூடும். அதில் இவர் ஓர் உறுப்பினர்.

காட்பாடி: பையனை அக்னிவீரில் சேர்க்க மந்திரிக்கு மனு போடலாமா?

வேண்டாம். எழுத்துத் தேர்வு, ஓட்டம், மெடிக்கல், அவ்வளவுதான். புரோக்கரிடம் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

ஆம்பூர்: மந்திரி மாறினால் அப்பாவின் பென்ஷன் குறையுமா?

குறையாதம்மா. வருடா வருடம் லைஃப் சர்டிபிகேட் கொடுக்க மறந்தால்தான் நின்றுபோகும்.

கம்மவான்பேட்டை: துப்பாக்கி பிடிக்காதவருக்கு எதற்கு அந்த நாற்காலி?

வீட்டுக்கொரு ராணுவக்காரர் இருக்கிற ஊரிலிருந்து இந்தக் கேள்வி வராவிட்டால்தான் ஆச்சரியம். நானும் அப்படிப் பேசியவன்தான். எங்கள் யூனிட்டுக்கு ஒரு மந்திரி வந்தார். வழியெல்லாம் கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்தோம். அவர் அதைப் பார்க்கவே இல்லை. நேரே லங்கருக்கு, அதாவது படைச் சமையல்கூடத்துக்குப் போய்ச் சப்பாத்தியைப் பிய்த்துப் பார்த்து, குளிர்கால பூட்ஸ் வந்ததா என்று கேட்டார். வரவில்லை என்றோம். அடுத்த மாதம் வந்தது.

ஆற்காடு (குறுக்கே): அப்படியென்றால் நேரு காலத்து ராணுவ மந்திரி கிருஷ்ண மேனன்?

பிடித்தீர்களே! அவரும் துப்பாக்கி பிடிக்காதவர்தான். 1959-ல் அவரோடு மோதித் தரைப்படைத் தளபதி திம்மையா ராஜினாமாவே கொடுத்தார். நேரு பேசித் திரும்பப் பெறவைத்தார். 1962 சீனப் போரில் மேனனின் பதவி போனது. அடுத்து வந்த சவாணும் சிவிலியன்தான். 1965 பாகிஸ்தான் போரின்போது அவர்தான் மந்திரி. தளபதிகளை வேலை செய்ய விட்டார். வித்தியாசம் சீருடையில் இல்லை, காதில் இருக்கிறது.

கம்மவான்பேட்டை: ஜஸ்வந்த் சிங் ராணுவத்தில் இருந்தவர் ஆயிற்றே?

ஆமாம், 2001-ல் சில மாதம் ராணுவ மந்திரி பொறுப்பு பார்த்தார். நம்ம ஆர். வெங்கட்ராமன் வக்கீல். 1983-ல் ஏவுகணைத் திட்டம் தொடங்கியபோது அவர்தான் மந்திரி. 1992-ல் குடியரசுத் தலைவராக வந்து அரக்கோணத்தில் ராஜாளி கடற்படைத் தளத்தைத் தொடங்கிவைத்ததும் அவரே.

வாலாஜா: அக்னிவீருக்கு மந்திரி சிபாரிசு...

காட்பாடிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

திருப்பத்தூர்: தெரிந்த ஒருவர் இரண்டு லட்சம் கொடுத்தால்...

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போங்கள், என்னிடம் வராதீர்கள்.