அடுப்புக்கு மேல் தானியங்கித் தீயணைப்பு: கேள்வி பதில்

தீயணைப்புக் கருவிகளைப் பொருத்துவதும் சர்வீஸ் செய்வதும் என் தொழில். வீட்டுச் சமையலறை பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி (கோவை): ஹோட்டல் அடுப்புக்கு மேல் குழாயும் நாசிலும் வைத்த தீயணைப்பு அமைப்பைப் பார்த்தேன். வீட்டுக்கு அப்படி வைக்க முடியுமா சார்?

முடியும். வீட்டு அளவுக்குச் சின்னதாக வருகிறது. பக்கத்து அலமாரியில் ஒரு சிலிண்டர், சிம்னிக்குள் வெப்பத்தை உணரும் பாகம், பர்னர்களை நோக்கி நாசில்கள், தீ வந்தால் கேஸைத் தானாக மூட கேஸ் லைனில் ஒரு வால்வு, அவ்வளவுதான். சிலிண்டரில் இருப்பது பொட்டாசியம் உப்புகள் கரைந்த திரவம். ‘வெட் கெமிக்கல்’ என்பார்கள். எரியும் எண்ணெய்மேல் பட்டால் சோப்பு நுரைபோல ஒரு படலம் உருவாகி மூடிக்கொள்ளும், எண்ணெயும் சூடு குறையும்.

இதில் செலவைக் குறைக்க முதலில் வெட்டப்படுவது அந்த கேஸ் வால்வு. அதை மட்டும் விடாதீர்கள். தீ அணைந்த பிறகும் பர்னர் திறந்தே இருந்தால் எரியாத கேஸ் வீட்டுக்குள் சேரும். எல்.பி.ஜி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும். அடுத்த அறையில் யாராவது ஸ்விட்ச் போட்டால் போதும், அணைத்த தீயைவிடப் பெரிய விபத்து. வால்வு இல்லாத கொட்டேஷன் என்றால் நான் அந்த வேலையை எடுப்பதில்லை.

கேள்வி (மதுரை): சீலிங்கில் சிவப்புக் கண்ணாடி பல்பு வைத்த பவுடர் சிலிண்டரை அடுப்புக்கு நேர் மேலே மாட்டித் தந்திருக்கிறார்கள். போதுமா அண்ணா?

போதாது, இடமும் சரியில்லை. சிவப்பு பல்பு 68 டிகிரி செல்சியஸில் உடைந்து பவுடரை வெளியே விடும். அடுப்புக்கு நேர் மேலே வெறும் சமையல் சூட்டிலேயே அது உடைய வாய்ப்புண்டு. பச்சை 93 டிகிரிக்கு, நீலம் 141 டிகிரிக்கு. எது பொருந்தும் என்பதை அந்த இடத்தில் சமையல் நேரத்து வெப்பத்தை அளந்துதான் முடிவு செய்யணும்.

இன்னொன்று, அதில் பெரும்பாலும் இருப்பது ஏ.பி.சி பவுடர், அதாவது பொதுவான தீக்கான உலர் பவுடர். சுவாலையை அடக்கும், ஆனால் எண்ணெயைக் குளிர்விக்காது. சமையல் எண்ணெய் ஏறத்தாழ 360 டிகிரியைத் தாண்டினால் தானாகவே பற்றும். அந்தச் சூட்டிலேயே இருந்தால் பவுடர் அடங்கியதும் மறுபடி எரியும். அழுத்தத்தோடு வரும் பவுடர் வாணலி எண்ணெயைத் தெறிக்கவும் விடலாம். அந்த பவுடர் சிலிண்டரை, கேஸ் சிலிண்டர் வைக்கும் மூலைக்கோ மின்பலகைக்கு அருகிலோ மாற்றுங்கள்.

கேள்வி (தாம்பரம்): பராமரிப்புக்கு நாங்களே என்ன செய்யலாம்?

மாதம் ஒருமுறை பிரஷர் கேஜைப் பாருங்கள், முள் பச்சையில் நிற்கணும். நாசில் மூடிகள் இடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்குதான் இந்த அமைப்பின் பெரிய எதிரி. நாசிலை அடைக்கும், வெப்ப உணரியைப் போர்த்தி அது தாமதமாக வேலை செய்ய வைக்கும். துணியால் துடையுங்கள், ஸ்ப்ரே கிளீனரை உணரியின் மேல் அடிக்காதீர்கள். சிம்னி ஃபில்டரை இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெந்நீரில் கழுவுங்கள். வடை, பஜ்ஜி அடிக்கடி போடும் வீடு என்றால் வாரம் ஒருமுறை. சிம்னிப் புகைக்குழாய்க்கு பி.வி.சி பைப் போட்டிருந்தால் அதைக் கழற்றி உலோகக் குழாய் போடுங்கள். பிசுக்கு படிந்த பிளாஸ்டிக் குழாய் தீயைச் சுவருக்குள் கொண்டுபோகும்.

வருடாந்திர சர்வீஸுக்கு ஆள் வரும்போது ஒன்றைக் கேளுங்கள்: “திரவத்தைக் கொட்டாமல், கேஸ் வால்வு மூடுகிறதா என்று என் கண் முன்னால் காட்டுங்க.” பலர் கேஜைப் பார்த்துவிட்டு ஸ்டிக்கர் ஒட்டிப் போய்விடுகிறார்கள். உருகு இணைப்பு (சூட்டில் உருகி அமைப்பை இயக்கும் உலோகத் துண்டு) உள்ள மாடல் என்றால் அதையும் மாற்றச் சொல்லுங்கள். அப்புறம், அடுப்புக்கு கேஸ் வரும் ஆரஞ்சு சுரக்ஷா டியூபை 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றணும். அதில் அச்சடித்த தேதியைப் பாருங்கள்.

கேள்வி (திருச்சி): கேஸ் லீக் டிடெக்டரை எந்த உயரத்தில் வைக்கணும்?

சிலிண்டர் என்றால் தரையிலிருந்து சுமார் 30 செ.மீ. உயரத்தில். குழாய் வழி வரும் இயற்கை எரிவாயு என்றால் சீலிங் அருகில், அது மேலே போகும். சிலிண்டர் லீக் என்றால் ஸ்விட்ச் எதையும் தொடாதீர்கள், ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து எல்.பி.ஜி அவசர உதவி எண் 1906-ஐ அழையுங்கள்.

கேள்வி (சேலம்): வாடகை வீடு. இவ்வளவு செலவு செய்ய முடியாது.

வாணலியை முழுதாக மூடும் உலோகத் தட்டை அடுப்பு மேடையிலேயே வையுங்கள். எண்ணெய் பற்றினால், குமிழ் எட்டும் தூரத்தில் இருந்தால் பர்னரை அணைத்து, பக்கவாட்டிலிருந்து தட்டைத் தள்ளி மூடுங்கள். முழுதும் ஆறும் வரை திறந்து பார்க்காதீர்கள். வாணலியைத் தூக்கிக்கொண்டு ஓடவே கூடாது. தண்ணீரும் வேண்டாம். நீராவியானால் 1,700 மடங்கு விரியும், எரியும் எண்ணெயைக் கூரைவரை வீசும். காசு கொஞ்சம் இருந்தால் கே டைப் (சமையல் எண்ணெய்த் தீக்கான) தீயணைப்பான் ஒன்று வாங்கி, சமையலறை வாசலுக்கு வெளியே மாட்டுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் மாட்டினால் தீயைத் தாண்டித்தான் அதை எடுக்கணும்.

கேள்வி (சென்னை): தீயணைப்பு ஒருமுறை இயங்கிவிட்டது. கழுவிவிட்டுச் சமைக்கலாமா?

திறந்திருந்த உணவு எல்லாவற்றையும் கொட்டுங்கள். வெந்நீரும் சோப்பும் போட்டு அன்றே கழுவிவிடுங்கள், விட்டால் அந்தத் திரவம் உலோகத்தை அரிக்கும். சிலிண்டரை மறுபடி நிரப்பி, வால்வைச் சரிபார்த்த பிறகுதான் கேஸைத் திறக்கணும்.

கேள்வி (ஈரோடு): எங்களுடையது இண்டக்‌ஷன். இதெல்லாம் எங்களுக்கு எதற்கு?

எண்ணெய் தீப்பற்ற அடுப்பில் சுவாலை தேவையில்லை, சூடு போதும். கேஸ் வால்வுக்குப் பதில் மின்சாரத்தைத் துண்டிக்கும் ரிலே போடுங்கள், மற்றதெல்லாம் அதேதான்.