24 இன்ச் போட்டோ பிரிண்டர்: நுணுக்கமான விவரத்தில் எப்சன் பி7000 மேலா, கேனான் ப்ரோ-2000 மேலா?

எப்சனில் 2880 x 1440 டிபிஐ (ஒரு இன்ச்சில் எத்தனை மைப்புள்ளி என்ற கணக்கு), கேனானில் 2400 x 1200 டிபிஐ, அப்படியென்றால் எப்சன்தானே நுணுக்கமாக அடிக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த எண்ணை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

சின்னக் கணக்குதான். 2880 டிபிஐ என்றால் புள்ளிக்குப் புள்ளி இடைவெளி சுமார் 9 மைக்ரான். ஆனால் எப்சனின் மிகச் சிறிய மைத்துளி 3.5 பிக்கோலிட்டர், கேனானுடையது 4 பிக்கோலிட்டர். இரண்டுமே காற்றில் பறக்கும்போதே 19, 20 மைக்ரான் அகலம் இருக்கும், பேப்பரில் விழுந்ததும் இன்னும் கொஞ்சம் பரவும். புள்ளி இடைவெளியைவிடத் துளி இரண்டு மடங்கு பெரிசு. அப்புறம் 2880-க்கும் 2400-க்கும் நடுவில் எந்த வித்தியாசத்தைத் தேடுவது? ஒரு அடி தூரத்தில் வைத்துப் பார்க்கிற நல்ல கண்ணுக்கே ஏறக்குறைய 300 பிபிஐக்கு (ஒரு இன்ச்சில் இத்தனை பிக்சல்) மேல் பிரித்துப் பார்ப்பது கஷ்டம்.

நான் பிரிண்ட் போடுகிறவன் என்பதால் புது மெஷின் எதுவாக இருந்தாலும் ஒரே ஃபைலைத்தான் கொடுப்பேன்: பட்டுப்புடவை ஜரிகையின் குளோஸ்அப் ஒன்று, ஓரத்தில் 4 பாயின்ட் எழுத்தில் ஒரு வரி. லூப் (சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி) வைத்துப் பார்த்தால் ‘ண’வின் சுழிகள் மேட் பேப்பரில் மை ஊறி அடைத்துக்கொண்டிருக்கும், அதே மெஷினில் பளபளப்புப் பூச்சுள்ள பாரிட்டா பேப்பர் போட்டால் சுழிக்குள் வெள்ளை தெரியும். கேனானுக்கும் எப்சனுக்கும் உள்ள வித்தியாசத்தைவிட இந்தப் பேப்பர் வித்தியாசம் பெரிசு, அதுவும் லூப் இல்லாமலேயே தெரியும்.

ஃபைலை எந்த அளவில் அனுப்புகிறீர்கள் என்பதும் முக்கியம். கேனான் டிரைவர் (கம்ப்யூட்டரிலிருந்து பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) 300 அல்லது 600 பிபிஐ கணக்கில் வேலை செய்யும், பி7000 டிரைவர் 360, ‘ஃபைனஸ்ட் டீடெயில்’ டிக் செய்தால் 720. இதைப் பார்க்காமல் ஏதோ ஒரு அளவில் அனுப்பினால் டிரைவர் தன் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளும், ஜரிகை மாதிரி மெல்லிய கோடுகளில் அது படிக்கட்டாகத் தெரியும். மை தெளிக்கிற ஹெட்டின் அலைன்மென்ட் சரியில்லை, பேப்பர் ஃபீட் ஒரு நூலளவு கூடக்குறைய என்றாலும் இதே கதிதான். ஷார்ப்னஸ் போச்சு என்று மெஷினைத் திட்டுகிற பலருக்கு அலைன்மென்ட் ஓட்டி, ஹெட் ஒரு திசையில் போகும்போது மட்டும் அடிக்கிற யூனிடைரக்‌ஷனலில் போட்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். நேரம் கூடும், அவ்வளவுதான்.

சரி, கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசமே இல்லையா என்றால், இருக்கிறது, ஆனால் வேறு இடத்தில். கிளாஸி பேப்பரைச் சாய்த்துப் பாருங்கள். கேனானில் குரோமா ஆப்டிமைசர் என்று நிறமில்லாத ஒரு மை உண்டு, மை விழுந்த இடமும் விழாத வெள்ளையும் ஒரே மாதிரி மினுங்கும். பி7000-இல் அது இல்லை, வெள்ளைச் சட்டை, மேகம் மாதிரி இடங்களில் பளபளப்பு மாறும். கண்ணாடி போட்டு ஃபிரேம் செய்கிற வேலைக்கு இது பெரிய விஷயம் இல்லை, கையில் எடுத்துக் கொடுக்கிற பிரிண்டுக்குப் பெரிய விஷயம்.

பி7000 வாங்குவதானால் ஒன்றைக் கட்டாயம் கேட்டுக்கொள்ளுங்கள். அதில் இரண்டு வகை: ஒன்றில் லைட் லைட் பிளாக் (மிக வெளிர் சாம்பல்) மை, மற்றதில் அந்த இடத்தில் வயலெட். பேக்கேஜிங் புரூஃப் (அச்சுக்கு முன் பார்க்கும் மாதிரி) எடுப்பவர்களுக்கு வயலெட் சரி. கறுப்பு வெள்ளையும் முகங்களும்தான் உங்கள் வேலை என்றால் லைட் லைட் பிளாக் இருப்பதையே எடுங்கள், வெளிர் பகுதிகளில் புள்ளி துருத்தாது. கிளாஸி பேப்பருக்கான போட்டோ பிளாக்கும் மேட் பேப்பருக்கான மேட் பிளாக்கும் பி7000-இல் ஒரே வழியைப் பங்கு போட்டுக்கொள்வதால் கிளாஸிக்கும் மேட்டுக்கும் மாறும்போதெல்லாம் மை வீணாகும். அடுத்து வந்த பி7500-இல் அது தீர்ந்துவிட்டது, கேனான் ப்ரோ-2000-இல் அந்தப் பிரச்சினை தொடக்கத்திலிருந்தே இல்லை.

மெஷின் வாரக்கணக்கில் சும்மா நிற்கும் இடம் என்றால் நான் கேனான் பக்கம்தான். நாசில் (மை வரும் நுண்துளை) அடைத்தாலும் மற்ற நாசில்கள் ஈடுகட்டும், ஹெட்டே போனாலும் நீங்களே வாங்கி மாட்டிக்கொள்ளலாம், எப்சனில் சர்வீஸ் ஆள் வந்தாக வேண்டும். தினமும் ஓடுகிற கடையா, எதுவானாலும் சரி. டீலர் காட்டுகிற சாம்பிளை நம்பாமல் உங்கள் ஃபைலை பென்டிரைவில் கொண்டுபோய், நீங்கள் வாங்கப்போகிற பேப்பரிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். முடியாது என்றால் வேறு டீலரைப் பாருங்கள்.