மூன்று கார்டுகளும் ஐம்பது பிரதிகளும்

அன்புள்ள அண்ணா,

பங்க் இசை (எழுபதுகளில் வந்த எளிமையான, ஆவேசமான ராக்) பற்றிய உங்கள் கட்டுரையில் லண்டனின் ‘ஸ்னிஃபின் க்ளூ’ பத்திரிகையைப் பற்றி இரண்டே வரிகள்தான் இருந்தன. ஆர்வத்தில் தேடிப்பிடித்துச் சில பக்கங்களின் படங்களைப் பார்த்தேன். எழுத்துப்பிழை, அடித்தல் திருத்தல், கோணல்மாணலான தலைப்புகள். இதை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்? ‘இது ஒரு கார்ட் (chord, கிட்டாரில் சில சுரங்களைச் சேர்த்து ஒலிப்பது), இது இன்னொன்று, இது மூன்றாவது, இனி ஒரு குழு ஆரம்பி’ என்ற பிரபலமான படம் வந்த பத்திரிகை என்பதாலா?

நானும் நண்பர்கள் மூன்று பேரும் எங்களுக்குப் பிடித்த இசைக்குழுக்களைப் பற்றி அச்சில் ஒன்று கொண்டுவர நினைக்கிறோம். ஒருவன் எல்லாப் பக்கத்தையும் வேண்டுமென்றே இப்படிக் கிழித்து ஒட்டிய மாதிரி கணினியில் வடிவமைக்கலாம் என்கிறான். எனக்கு அது போலியாகப் படுகிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

முதலில் அந்தப் படத்தை முடித்துவிடுவோம். அது ஸ்னிஃபின் க்ளூவில் வந்ததே இல்லை. ஸ்ட்ராங்க்ளர்ஸ் குழுவுக்காக நடத்தப்பட்ட ‘சைட்பர்ன்ஸ்’ என்ற ரசிகர் பத்திரிகையில் 1977 தொடக்கத்தில் வந்தது. வரைந்தவர் டோனி மூன். ஏ, இ, ஜி ஆகிய மூன்று கார்டுகளுக்கும் கிட்டாரில் விரலை எங்கே வைக்க வேண்டும் என்று காட்டும் கட்டங்கள், கூடவே நீங்கள் சொன்ன வாசகம். விவரம் தெரிந்தவர்கள்கூட இதை ஸ்னிஃபின் க்ளூவின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். பாவம் மூன்.

சரி, ஸ்னிஃபின் க்ளூ. அதை ஆரம்பித்த மார்க் பெர்ரிக்கு அப்போது 19 வயது. தென் லண்டனில் டெப்ட்ஃபோர்ட் பகுதிக்காரர், வங்கியில் குமாஸ்தா. 1976 ஜூலையில் அமெரிக்காவிலிருந்து ரமோன்ஸ் என்ற பங்க் குழு வந்து லண்டனில் வாசித்தார்கள். அந்தச் சூட்டில், ‘ராக் ஆன்’ என்ற இசைத்தட்டுக் கடையில் போய், இந்த மாதிரிக் குழுக்களைப் பற்றிப் பத்திரிகை ஏதாவது வருகிறதா என்று கேட்டிருக்கிறார். நீயே ஒன்று நடத்தேன் என்று கடைக்காரர்கள் கிண்டலாகச் சொன்னார்கள். ஆள் அதை நிஜமாகவே எடுத்துக்கொண்டார்.

வீட்டில் இருந்தது சிறுவர்களுக்கான டைப்ரைட்டர். அதில் தட்டினார். தலைப்புகளை ஸ்கெட்ச் பேனாவில் எழுதினார். பெயரை ரமோன்ஸின் பாட்டு ஒன்றிலிருந்து எடுத்தார். காதலி தன் அலுவலகத்தில் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார். (முதல் புரவலர் அந்த அலுவலகம்தான், அவர்களுக்கே தெரியாமல்!) மொத்தம் ஐம்பது பிரதிகள், மூலையில் ஒரு ஸ்டேப்ளர் பின். ராக் ஆனிலேயே கொண்டுபோய்க் கொடுத்தார். அவர்கள் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டதோடு, இன்னும் அச்சிட முன்பணமும் கொடுத்தார்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்தக் கோணல்மாணலை பெர்ரி ஒரு பாணியாக யோசித்துச் செய்யவில்லை. கையில் இருந்த டைப்ரைட்டரில் பிழையை அழிக்க வழியில்லை, மேலேயே அடித்துவிட்டு அடுத்த வார்த்தைக்குப் போனார். நிகழ்ச்சி பார்த்த சூடு ஆறுவதற்குள் பக்கம் முடிய வேண்டும். அவ்வளவுதான். அப்போது பிரிட்டனில் ‘நியூ மியூசிகல் எக்ஸ்பிரஸ்’, ‘மெலடி மேக்கர்’, ‘சவுண்ட்ஸ்’ என்று வாரப்பத்திரிகைகள் வந்துகொண்டிருந்தன. அவற்றில் எழுதியவர்களுக்கு அது சம்பள வேலை. பெர்ரி தன் காசில் டிக்கெட் வாங்கிக்கொண்டு கூட்டத்தில் நின்ற ஆள். வாசிக்கிறவர்களும் அதே கூட்டத்தில் நின்றவர்கள். பிடித்தால் கத்துவார், பிடிக்காவிட்டால் திட்டுவார். நடுவில் ஆசிரியர் என்று யாரும் இல்லை.

இன்னொன்று. முதல் இதழில் ரமோன்ஸுக்குப் பக்கத்திலேயே ப்ளூ ஆய்ஸ்டர் கல்ட் பற்றியும் எழுதியிருந்தார். அவர்கள் பங்க் குழுவே இல்லை, ஹார்ட் ராக். எது பங்க், எது இல்லை என்று கோடு கிழிப்பதெல்லாம் அப்புறம் வந்த வேலை. எனக்கு அந்த முதல் இதழ் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்புறம் பள்ளி நண்பர் டேனி பேக்கர் சேர்ந்தார். இவர் பின்னாளில் ரேடியோவிலும் டிவியிலும் பெயர் வாங்கினார். பெர்ரி வங்கி வேலையை விட்டார். விற்பனை ஆயிரக்கணக்கில் போயிற்று. விளம்பரங்களும் வந்தன. ஆனால் ஐந்தாவது இதழிலேயே அவர் வாசகர்களிடம் சொல்லிவிட்டார்: நாங்கள் எழுதுவதோடு திருப்திப்படாதீர்கள், போய் உங்கள் சொந்தப் பத்திரிகையை ஆரம்பியுங்கள் என்று. ஸ்காட்லாந்தில் டோனி டிரேட்டன் ‘ரிப்டு அண்ட் டோர்ன்’ ஆரம்பித்தது அந்த ஆண்டு முடிவதற்குள்தான். வாசகர்களை இப்படி அனுப்பிவைக்கிற குணம் அச்சுத் தொழிலில் அபூர்வம். நான் கொண்டாடுவதென்றால் இதைத்தான் கொண்டாடுவேன்.

அதற்காக பெர்ரியைப் புனிதராக்க வேண்டாம். 1977 ஜனவரியில் க்ளாஷ் என்ற பங்க் குழு சி.பி.எஸ். என்ற பெரிய இசைத்தட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டபோது, பங்க் செத்த நாள் அதுதான் என்று சொன்னவர் அவர். அதே ஆண்டில் இசைக்குழு மேலாளர் மைல்ஸ் கோப்லாண்டோடு சேர்ந்து ‘ஸ்டெப் ஃபார்வர்ட்’ என்ற இசைத்தட்டு நிறுவனத்தை நடத்தினார். சின்ன நிறுவனம்தான், ஆனாலும் நிறுவனம் நிறுவனம்தானே. கூடவே ‘ஆல்டர்னேட்டிவ் டிவி’ என்று சொந்தமாக ஒரு குழுவும் தொடங்கினார். பன்னிரண்டாவது இதழோடு தன் குழுவின் பாட்டை மெல்லிய பிளாஸ்டிக் தட்டாக இலவசமாகக் கொடுத்து, 1977 கோடையோடு பத்திரிகையை நிறுத்திவிட்டார். நன்றாக விற்றுக்கொண்டிருந்தபோதே.

உங்கள் நண்பரின் யோசனை எனக்கும் உவப்பாக இல்லை. கணினியில் எழுத்தை ஒழுங்காக அடித்துவிட்டு, பிறகு மூன்று மணி நேரம் உட்கார்ந்து அதைக் கிழிந்த மாதிரி ஆக்குவது டிசைனர் செய்கிற வேலை. பெர்ரி மிச்சம் பிடித்தது அந்த மூன்று மணி நேரத்தைத்தான். உங்களிடம் இருப்பது போனும் தெருமுனை ஜெராக்ஸ் கடையும் என்றால் அதைக்கொண்டு செய்யுங்கள். சுத்தமாக வந்தால் சுத்தமாகவே இருக்கட்டும். பிழை வந்தால் திருத்துங்கள், திருத்த நேரமில்லை என்றால் விட்டுவிடுங்கள். முக்கியமாக, நான்கு பேரும் ஒரே குழுவைப் பற்றி ஒரே மாதிரி எழுதாதீர்கள். சண்டை போடுங்கள், சண்டையையும் அச்சிடுங்கள்.

பன்னிரண்டு இதழ்களையும் மொத்தமாகச் சேர்த்து 2000-இல் ஒரு புத்தகம் வந்தது. கிடைத்தால் ஒன்றாம் இதழையும் பன்னிரண்டாம் இதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் முதல் இதழ் வந்ததும் எனக்கு ஒன்று அனுப்புங்கள், தபால் செலவு என்னுடையது.