ஸ்ட்ரெஸ் டெஸ்ட் ‘நார்மல்’ என்று வந்துவிட்டால் மாரடைப்பு வராது என்று நம்பலாமா?

உங்கள் தந்தைக்கு 62 வயது, நீரிழிவு உண்டு, மேடேறினால் நெஞ்சு இறுகுகிறது, இதயத்துக்கு வேலை கொடுத்துப் பார்க்கும் ஸ்ட்ரெஸ் டெஸ்ட்டுக்காக ட்ரெட்மில்லில் நடக்கவிட்டு, ஈசிஜி எடுத்துப் பார்த்து ‘நார்மல்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள், இனிக் கவலையில்லை அல்லவா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு சொல்லை மட்டும் நம்பிக் கவலையை விட்டுவிட வேண்டாம் என்பதே என் பதில். நான் மருத்துவன் அல்லன். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் 30 ஆண்டுகள் டிரஸ்ஸராக (தோட்ட மருந்தக உதவியாளராக) இருந்து ஓய்வு பெற்றவன்.

என் மைத்துனர் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். விடியுமுன் மர நிரைக்குள் இறங்கி, பிறகு பால் வாளிகளைக் காண்டாக் கம்பில் தொங்கவிட்டுத் தோளில் சுமந்துகொண்டு மேடு பள்ளமெல்லாம் நடந்தவர் என்பதால், அவருடைய நெஞ்சுக்கு ஒன்றும் வராது என்ற எண்ணம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இருந்தது. 60 வயதில் ஈப்போவில் அவருக்கு இதே சோதனை நடந்தது. ஈசிஜி கோட்டில் மாற்றம் இல்லை என்றார்கள், நாங்களும் நிம்மதியாகத் திரும்பிவிட்டோம். ஏறத்தாழ ஓராண்டு கழித்து ஒரு விடியற்காலையில் மாரடைப்போடு அவரை அவசரப் பிரிவுக்குக் கொண்டு ஓடினோம். பிழைத்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் பழைய அறிக்கையை எடுத்து முழுவதுமாகப் படித்தேன். 4 நிமிடத்திலேயே மூச்சு வாங்கி நிறுத்தியிருக்கிறார். இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 112ஐத் தாண்டவில்லை.

220இலிருந்து வயதைக் கழித்து, வருவதில் 85 விழுக்காட்டையாவது துடிப்பு எட்ட வேண்டும் என்பது வழக்கமான அளவுகோல். 60 வயதுக்காரருக்கு அது 136. அன்று காலையும் அவர் இரத்த அழுத்தத்திற்கான அட்டெனோலால் மாத்திரையை விழுங்கிவிட்டுப் போயிருந்தார். அது துடிப்பை ஏறவிடாது. (சோதனைக்கு முன் எதை நிறுத்துவது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும், நாமாக நிறுத்துவது ஆபத்து.) இதயம் போதிய அளவு உழைக்காத நிலையில் கோடு மாறாதிருந்ததை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

பெரும்பாலான இடங்களில் பின்பற்றப்படுவது அமெரிக்க மருத்துவர் ராபர்ட் புரூஸ் வகுத்த முறை. மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகத்தில் 10 விழுக்காடு ஏற்றத்தில் தொடங்கி, 3 நிமிடத்துக்கு ஒருமுறை வேகத்தையும் ஏற்றத்தையும் கூட்டுவார்கள். இதில் எத்தனை நிமிடம் தாக்குப்பிடித்தார் என்பதுதான், என் கணிப்பில், அந்தத் தாளிலேயே மிகவும் பெறுமதியான எண். டியூக் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய மதிப்பெண் அதிலிருந்தே தொடங்குகிறது: நடந்த நிமிடங்களிலிருந்து, ஈசிஜி கோட்டில் எஸ்.டி. எனப்படும் பகுதி இயல்பான மட்டத்திலிருந்து விலகிய மில்லிமீட்டரை 5ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். நெஞ்சுவலி வந்தும் தொடர்ந்து நடந்திருந்தால் மேலும் 4, வலியாலேயே நின்றிருந்தால் 8 கழிக்க வேண்டும். விடை 5 அல்லது அதற்கு மேல் என்றால் ஆபத்து குறைவு. கழித்தல் 11 அல்லது அதற்கும் கீழ் என்றால் அதிகம். 1991இல் வெளியான ஆய்வில், 613 வெளிநோயாளிகளுள் முதல் பிரிவினரில் 99 விழுக்காட்டினர் 4 ஆண்டுகளுக்குப் பிறகும் உயிரோடிருந்தார்கள். கடைசிப் பிரிவில் அது 79 விழுக்காடு. என் மைத்துனரின் கோடு சுத்தமாக இருந்தும் அவருக்குக் கிடைத்தது 4, அதாவது நடுத்தர ஆபத்து. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. 30 ஆண்டு டிரஸ்ஸர் வேலை பார்த்த நான் அதைச் செய்யவில்லை.

நிமிடக் கணக்கின் வலிமையை 2002இல் வந்த இன்னொரு ஆய்வும் காட்டியது. 6213 ஆண்களைச் சராசரியாக 6 ஆண்டுகளுக்கு மேல் கவனித்ததில், உழைப்புத் திறன் ஒரு மெட் கூடும்போது உயிர்பிழைக்கும் வாய்ப்பு 12 விழுக்காடு கூடியது. ஒரு மெட் என்பது சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றல். ட்ரெட்மில்லில் அதிக நிமிடம் தாக்குப்பிடித்தால் மெட் கணக்கும் கூடும். நடை நின்ற முதல் நிமிடத்தில் துடிப்பு எவ்வளவு இறங்கியது என்பதையும் பாருங்கள். 12 அல்லது அதற்கும் குறைவாகவே இறங்கியிருந்தால் அது நல்ல அறிகுறியன்று.

நன்றாக நடந்து முடித்தவருக்கும் முழு உத்தரவாதம் கிடையாது. இரத்த ஓட்டத்தையே தடுக்கும் அளவுக்கு இதயத்தின் இரத்தக் குழாய் குறுகியிருந்தால்தான் இந்தச் சோதனையில் தெரியும். பாதிகூட அடைக்காத கொழுப்புப் படிவு திடீரென வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து மாரடைப்பு வருவதும் உண்டு. பெண்களுக்கோ நோய் இல்லாமலேயே கோடு மாறிக் காட்டுவது அதிகம்.

ஆகவே முழு அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள். எத்தனை நிமிடம், உச்சத் துடிப்பு எவ்வளவு, எதனால் நிறுத்தினார் என்ற மூன்றையும் பார்த்துவிட்டு, மேடேறும்போது நெஞ்சு இறுகுவதையும் சேர்த்து இதய மருத்துவரிடம் சொல்லுங்கள். நீரிழிவு உள்ளவர் என்பதால், குழாய்களை நேரடியாகப் பார்க்கும் சிடி ஸ்கேன் தேவையா என்றும் கேளுங்கள். அதற்கிடையில் சும்மா இருக்கும்போதே நெஞ்சு இறுகினால், ‘போன மாதம்தான் நார்மல் என்றார்கள்’ என்று காத்திருக்காமல் அவசர எண்ணான 999ஐ அழையுங்கள்.