ஸ்லோ குக்கர்: வாங்கப்போகிறவர்களும் வாங்கி மாட்டிக்கொண்டவர்களும்

சூப் வைப்பதற்கென்று ஸ்லோ குக்கர், அதாவது குறைந்த சூட்டில் மணிக்கணக்கில் சமைக்கும் மின்சாரப் பாத்திரம், வாங்கலாமா என்று ஒருவர் கேட்டால், வாங்கிவிட்டோம், இனி என்ன செய்வது என்று மூவர் கேட்கிறார்கள். கடிதங்களைச் சுருக்கி வெளியிடுகிறேன்.

கேள்வி: வீட்டில் நாங்கள் இருவர் மட்டுமே. வேலை முடிந்து வரும்போது சூடாக ஒரு சூப் தயாராக இருந்தால் போதும். 6.5 லிட்டர் குக்கர் தள்ளுபடியில் கிடைக்கிறது. சிறியதற்கும் அதற்கும் விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. வாங்கிவிடலாமா?

பதில்: வேண்டாம். ஸ்லோ குக்கரின் பாத்திரம் பாதிக்குக் குறையாமலும் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டாமலும் நிரம்பியிருந்தால்தான் சூடு சீராகப் பரவும். 6.5 லிட்டரில் பாதி என்றாலே மூன்றேகால் லிட்டர் சூப். இருவராக அதை எத்தனை வேளைக்குக் குடிப்பீர்கள்? குறைவாக ஊற்றினால் ஓரமெல்லாம் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். இருவருக்கு 2 முதல் 3 லிட்டர் போதும். நான்கு பேருக்கு 3.5 முதல் 4.5 லிட்டர் வரை சரியாக இருக்கும். பெட்டியின் மேல் அச்சிடப்பட்டிருக்கும் லிட்டர் கணக்கு பெரும்பாலும் பாத்திரம் விளிம்புவரை கொள்ளும் அளவு என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

கூடுதலாக ஏதாவது ஒரு வசதிக்குப் பணம் கொடுப்பதென்றால், குறித்த நேரம் முடிந்தவுடன் தானாகவே 'வார்ம்' நிலைக்கு மாறும் வசதிக்குக் கொடுங்கள். நீங்கள் வீடு திரும்பத் தாமதமானாலும் காய்கறி கரைந்து கூழாகாது. மற்றபடி பொத்தான்களைப் பார்த்து மயங்க வேண்டாம். வகைவகையான உணவுகளின் படம் போட்ட பொத்தான்கள் வரிசையாக இருந்ததை நம்பி நான் ஒரு குக்கரை வாங்கினேன். சூப் என்ற பொத்தானை அழுத்தினாலும் கஞ்சி என்ற பொத்தானை அழுத்தினாலும் அது ஒரே வேலையைத்தான் செய்தது. மாறியதெல்லாம் திரையில் தெரிந்த நேரம் மட்டுமே.

கேள்வி: 'ஹை'யில் வைத்து ஒரு மணி நேரம் ஆகியும் சூப் கொதிக்கவே இல்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை திறந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். பழுதான பொருளைத் தலையில் கட்டிவிட்டார்களா?

பதில்: இல்லை. மூடியைத் திறக்காதீர்கள், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சமையல் நேரம் கால் மணியிலிருந்து அரை மணிவரை நீள்கிறது.

கேள்வி: இணையத்தில் வாங்கிய குக்கரைப் பிரித்தபோதே பீங்கான் பாத்திரத்தில் மேலிருந்து அடிவரை விரிசல். படம் எடுத்து அனுப்பினேன். நீங்கள் பயன்படுத்தும்போது விழுந்த விரிசல் என்று விற்றவர் கைவிரிக்கிறார். தயாரிப்பாளரிடம் போனால், பீங்கானுக்கு உத்தரவாதம் கிடையாது என்கிறார்கள். நான் ஒரு தடவைகூட அதில் சமைக்கவில்லை.

பதில்: இருவரும் சேர்ந்து உங்களை அலைக்கழிக்கிறார்கள், நீங்கள் செய்த தவறு எதுவும் இல்லை. உத்தரவாதம் என்பது பொருள் நல்ல நிலையில் உங்கள் கைக்கு வந்த பிறகு தொடங்கும் சங்கதி. வழியில் உடைந்து வந்த பொருளுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. உங்களிடம் பணம் வாங்கியவர் விற்றவர். நல்ல பொருளைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டிய பொறுப்பும் அவருடையதே. ஆகையால் தயாரிப்பாளரை விட்டுவிட்டு அவரையே பிடியுங்கள்.

சமைக்கவில்லை என்பதற்குச் சான்று உங்கள் வீட்டிலேயே இருக்கக்கூடும். மின்வடத்தைச் சுருட்டிக் கட்டியிருந்த கம்பியை இன்னும் அவிழ்க்காமல் இருந்தால் அப்படியே படமெடுங்கள். வெளிக்கூட்டின் உட்புறம் கறையோ நிறமாற்றமோ இல்லாமல் பளபளவென்று இருப்பதையும், பெட்டியின் நசுங்கிய மூலையையும், உள்ளே வைத்திருந்த தெர்மாகோல் உடைந்திருந்தால் அதையும் படமெடுங்கள். பெட்டியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். பிறகு தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்காமல், பொருள் வந்த தேதி, நீங்கள் புகார் செய்த தேதி, கேட்பது பணமா மாற்றுப் பொருளா என்ற மூன்றையும் எழுத்தில் கொடுத்து, பதிலுக்கு ஒரு கெடுவும் விதியுங்கள். அட்டை மூலம் பணம் செலுத்தியிருந்தால், அந்தத் தொகையைத் திரும்பப் பெறுவதற்கு வங்கியிடம் முறையிட வழி உண்டு. அதற்குக் கால வரம்பு இருப்பதால், விற்றவர் மனம் மாறுவார் என்று காத்திருந்து அதைக் கோட்டைவிட்டுவிடாதீர்கள்.

கேள்வி: பீங்கான் பாத்திரத்தைக் கேஸ் அடுப்பில் வைத்து வெங்காயம் தாளித்தேன். டப்பென்று பிளந்துவிட்டது. உத்தரவாதத்தில் மாற்றித் தருவார்களா?

பதில்: தரமாட்டார்கள், தரவும் கூடாது. அடுப்பில் வைக்கலாம் என்று கையேட்டில் எழுதியிருந்தால் ஒழிய பீங்கானை அடுப்பில் வைக்கக் கூடாது. கையேடு இன்னும் பாலித்தீன் உறைக்குள்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

கேள்வி: சிவப்பு ராஜ்மாவை ஊறவைத்து, நேராக ஸ்லோ குக்கரில் போட்டு, 'லோ'வில் எட்டு மணி நேரம் வைத்து சூப் செய்தேன். மெத்தென்று வெந்திருந்தது. ஆனால் குடித்த எல்லோருக்கும் இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி. குறை குக்கரிலா, ராஜ்மாவிலா?

பதில்: இரண்டிலும் இல்லை, செய்முறையில். ராஜ்மாவில், குறிப்பாகச் சிவப்பு ராஜ்மாவில், லெக்டின் வகையைச் சேர்ந்த ஒரு நச்சுப் புரதம் இருக்கிறது. நன்றாகக் கொதிக்கும் நீரில் அது அழிந்துவிடும். கொதிநிலைக்குக் கீழே, 80 டிகிரி அளவில் மட்டும் சூடாக்கினால் பச்சை ராஜ்மாவைவிட அதன் நச்சுத்தன்மை ஐந்து மடங்குவரை கூடக்கூடும் என்று கண்டறிந்திருக்கிறார்கள். ஸ்லோ குக்கர் பல மணி நேரம் அந்த வெப்பத்தில்தான் இருக்கிறது. மெத்தென்று வெந்திருப்பது நச்சு போய்விட்டதற்கு அடையாளம் அல்ல. குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புதிய நீரில் அடுப்பிலேயே தளதளவென்று கொதிக்க வைக்க வேண்டும். 10 நிமிடம் கொதித்தாலே நச்சு அழிந்துவிடும் என்றாலும், அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் பாதுகாப்புக்காக 30 நிமிடம் என்கிறது. அதன் பிறகு ஸ்லோ குக்கருக்கு மாற்றுங்கள். டின்னில் அடைத்து வருவது ஏற்கெனவே வெந்தது என்பதால் நேராகவே போடலாம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தச் சாதனம் பிறந்ததே உலர்ந்த பீன்ஸ் வேகவைப்பதற்காகத்தான்; ராஜ்மாவும் அந்த இனம்தான். அமெரிக்காவில் இர்விங் நாக்ஸன் என்பவர் 1936இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1940இல் பெற்ற சாதனம், பின்னர் பீனரி என்ற பெயரில் விற்கப்பட்டது. அவருடைய நிறுவனத்தை 1970இல் வாங்கிய ரைவல் நிறுவனம், அடுத்த ஆண்டே அதற்குக் கிராக்-பாட் என்று பெயர் மாற்றிச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இவ்வளவு காலம் ஆகியும், பெட்டியோடு வரும் செய்முறைப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ராஜ்மாவைக் கொதிக்கவைத்துவிட்டுப் போடவும் என்று ஒரு வரியைப் பெரிய எழுத்தில் அச்சிடச் சில தயாரிப்பாளர்களுக்கு மனம் வரவில்லை.

கேள்வி: உறைந்த கோழிக்கறியை அப்படியே போட்டுவிட்டு, நான்கு மணி நேரம் கழித்துத் தானாக இயங்கும்படி நேரம் வைத்துவிட்டு வெளியே போகலாமா?

பதில்: இரண்டுமே கூடாது. உறைந்த கறி மெதுவாகச் சூடேறினாலும் சரி, உருகிய கறி சூடேறாமல் கிடந்தாலும் சரி, 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில்தான் கிருமிகள் பெருகுகின்றன. குளிர்பதனப் பெட்டிக்குள்ளேயே வைத்து உருக்கிய பிறகு போட்டு, போட்டவுடன் குக்கரை இயக்குங்கள்.

கேள்வி: மூன்று ஆண்டுகளாக நன்றாக உழைத்த குக்கர். கண்ணாடி மூடி கை தவறி விழுந்து நொறுங்கிவிட்டது. மூடி மட்டும் கிடைக்குமா என்று கேட்டால், புதிய குக்கரே வாங்கிவிடுங்கள் என்று சிரிக்கிறார்கள்.

பதில்: இதைப் பற்றி எழுதத் தொடங்கினால் எனக்கு நிறுத்தத் தெரியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்லோ குக்கரைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே பெரிதாக ஒன்றும் இல்லை. வெளிக்கூட்டின் சுவரை ஒட்டிச் சுற்றிவரும் ஒரு சூடேற்றும் பட்டை, ஒரு சுவிட்ச், ஒரு மின்வடம், அவ்வளவுதான். அசையும் பாகம் எதுவும் இல்லாத சாதனம் என்பதால் அது எளிதில் பழுதாவதில்லை. உடையக்கூடியவை இரண்டே இரண்டு: பீங்கான் பாத்திரமும் கண்ணாடி மூடியும். உத்தரவாதத்திலிருந்து விலக்கி வைக்கப்படுபவை எவை என்று பாருங்கள், அதே இரண்டுதான். தனியாக விற்பனைக்குக் கிடைக்காதவை எவை என்று விசாரியுங்கள். பெரும்பாலும் அதே இரண்டுதான். உடையாத பாகத்துக்கு உத்தரவாதம் கொடுத்துவிட்டு, உடையும் பாகத்தை உதிரியாக விற்க மறுப்பதை வியாபாரத் திறமை என்று சிலர் மெச்சலாம். நான் அதை வாடிக்கையாளரின் சட்டைப்பையில் கை விடுவது என்றே சொல்வேன். போதாக்குறைக்கு, அதே கொள்ளளவு, அதே பெயர் என்று வெளிவரும் புதிய மாடலில் விளிம்பை ஒரு சில மில்லிமீட்டர் மாற்றிவிடுகிறார்கள். பழைய மூடி புதியதில் உட்காராது, புதிய மூடி பழையதில் நிற்காது. என் வீட்டுப் பரணில் முட்டை வடிவக் குக்கர் ஒன்றின் வெளிக்கூடு கிடக்கிறது. மின் இணைப்புக் கொடுத்தால் இன்றும் சூடாகிறது. உள்ளே வைக்கத்தான் பாத்திரம் இல்லை. மாற்றுப் பாத்திரம் கேட்டு நான் எழுதிய கடிதத்துக்கு, எங்கள் பொருளைத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றி என்று பதில் வந்தது.

உங்கள் குக்கர் வட்ட வடிவமாக இருந்தால் பிழைத்தீர்கள். உடைந்த மூடியின் விட்டத்தை, அது கிடைக்காவிட்டால் பாத்திரத்தின் உள்விளிம்பை, அளந்துகொண்டு போய், அதே விட்டத்தில் வேறொரு பாத்திரத்தின் மூடி கிடைக்கிறதா என்று பாருங்கள். ஆவி மூடியில் பட்டுக் குளிர்ந்து, நீராக வழிந்து விளிம்பில் தேங்கி, உள்ளே இருக்கும் சூட்டை அடைத்துவைப்பதுதான் மூடியின் வேலை. அதனால் ஆடாமல் பொருந்தி உட்கார்ந்தால் எந்த மூடியும் போதும். இனிமேல் வாங்குகிறவர்கள் வட்ட வடிவத்தையே வாங்குங்கள். வாங்குவதற்கு முன், பாத்திரமும் மூடியும் தனியாகக் கிடைக்குமா, அவற்றின் உதிரிபாக எண் என்ன என்று தயாரிப்பாளருக்கு எழுதிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்தப் பொருளை வாங்க வேண்டாம்.

கேள்வி: என் மின்சார பிரஷர் குக்கரிலேயே ஸ்லோ குக் என்ற பொத்தான் இருக்கிறது. தனியாக ஒன்று தேவையா?

பதில்: முதலில் இருப்பதில் செய்து பாருங்கள். அவ்வகைக் குக்கர்கள் பலவற்றில் சூடு அடியிலிருந்து மட்டுமே வருகிறது. ஸ்லோ குக்கரில் சுற்றிலும் வருகிறது. ஆகவே பிரஷர் குக்கரின் 'லோ' நிலை பல சமயம் போதாமல், எட்டு மணி நேரம் கழித்தும் கேரட் நறுக்கென்று இருக்கும். ஒரு நிலை கூட்டி வையுங்கள். அதிலும் உங்களுக்குத் திருப்தியில்லை என்றால் மட்டும் தனியாக வாங்கலாம்.

கேள்வி: எந்த சூப் வைத்தாலும் தண்ணீராக, சப்பென்று இருக்கிறது. கறி நாராகப் பிரிகிறது, உருளைக்கிழங்கு மட்டும் வேகவில்லை. விலை உயர்ந்த குக்கருக்கு மாறினால் சரியாகுமா?

பதில்: பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அடுப்பில் வைக்கும் சூப்பில் பாதி நேரம் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும்; இங்கே ஏறக்குறைய எதுவும் ஆவியாவதில்லை. ஆகையால் அடுப்புக்கான செய்முறையில் சொன்ன தண்ணீரில் கால் பங்கைக் குறைத்துவிடுங்கள். கிழங்கு வகைகள் கறியைவிட மெதுவாக வேகின்றன என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்; அவற்றை விரல் பருமனுக்கு நறுக்கி அடியிலும் ஓரத்திலும் பரப்பி, கறியை மேலே வையுங்கள். கோழியில் நெஞ்சுப்பகுதி நீண்ட நேரச் சமையலைத் தாங்காது. தொடைப்பகுதியில் இருக்கும் இணைப்புத் திசு மெல்லக் கரைந்து ஜெலட்டினாக மாறுவதால்தான் சூப் நாவில் ஒட்டும் பதத்துக்கு வருகிறது.

சப்பென்று இருப்பதற்குக் காரணம் வெங்காயம். ஸ்லோ குக்கரின் வெப்பம் நீரின் கொதிநிலையைத் தாண்டுவதில்லை. அந்தச் சூட்டில் வெங்காயம் சிவக்கவே சிவக்காது. வேறொரு வாணலியில் பொன்னிறமாக வதக்கிவிட்டுப் போடுங்கள். தக்காளியின் புளிப்பு கிழங்கையும் பயறையும் வேகவிடாமல் இழுத்துப்பிடிக்கும் என்பதால் அதைப் பாதி நேரம் ஆன பிறகு சேருங்கள். பால், கிரீம், நூடுல்ஸ், கீரை எல்லாம் கடைசி அரைமணி நேரத்துக்கு உரியவை. அப்போதும் நீர்த்திருந்தால், வெந்த கிழங்கில் ஒரு கரண்டி எடுத்து மசித்துத் திரும்பக் கலந்துவிடுங்கள். மாவு தேவையில்லை. காய்ச்சல் கண்ட உடம்புக்கென்றால் கேரட்டோடு ஒரு கைப்பிடி பார்லி போட்டு 'லோ'வில் வையுங்கள். அது தானே குழைந்து கெட்டியாகும்.

கேள்வி: மின்சாரம் மிச்சமாகும் என்று விளம்பரம் செய்கிறார்கள். உண்மையா?

பதில்: எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தது. 200 வாட் குக்கர் 8 மணி நேரம் ஓடினால் 1.6 யூனிட். 2000 வாட் மின்சார அடுப்பில் சூப்பை மணிக்கணக்கில் வைத்திருப்பதைவிட இது குறைவாக இருக்கலாம். 1000 வாட் பிரஷர் குக்கர் அரைமணி நேரம் முழு வேகத்தில் ஓடினாலும் அரை யூனிட்தான். விளம்பரத்தில் இந்த இரண்டாவது கணக்கைப் போடமாட்டார்கள். ஸ்லோ குக்கர் மிச்சப்படுத்துவது உங்கள் நேரத்தை. அதற்காக வாங்குவதென்றால் வாங்குங்கள்.

கேள்வி: உறவினர் ஒருவர் தன் பழைய குக்கரைக் கொடுத்திருக்கிறார். சரியாகச் சூடாகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: நல்ல கேள்வி, புதிதாக வாங்கியவர்களும் இதைச் செய்து பார்க்கலாம். பாத்திரத்தில் பாதிக்கு மேல், மூன்றில் இரண்டு பங்குக்குள் தண்ணீர் ஊற்றி, மூடியைத் திறக்காமல் 'லோ'வில் 8 மணி நேரம் வையுங்கள். மூடியை எடுத்தவுடன், சூடு இறங்குவதற்குள், சமையல் வெப்பமானியை நடுவில் விட்டுப் பாருங்கள். 85 முதல் 93 டிகிரிக்குள் காட்டினால் குக்கர் நன்றாக இருக்கிறது. அதைத் தாண்டினால் செய்முறையில் சொன்ன நேரத்துக்கு முன்பே வெந்துவிடும் என்று வைத்துக்கொண்டு, சூப்பைச் சீக்கிரமே இறக்குங்கள். 85 டிகிரிக்குக் கீழே என்றால் அதில் கறி சமைக்க வேண்டாம். மின்வடத்தின் உறை வெடித்திருந்தாலோ, பாத்திரத்தின் உட்புற மெருகில் மயிரிழை போல விரிசல்கள் ஓடியிருந்தாலோ சோதனைக்கே அவசியமில்லை. உறவினரிடம் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.