பெல் எங்கே ஓடிப்போனார்?

கேள்வி: அமெரிக்காவில் கறுப்பின ஆட்டக்காரர்களுக்கென்று தனியாக நடந்த நீக்ரோ தேசிய லீகில் கொடிகட்டிப் பறந்த பிட்ஸ்பர்க் கிராஃபோர்ட்ஸ் பேஸ்பால் அணி, 1937ஆம் ஆண்டுப் போட்டிகளின் தொடக்கத்திலேயே தடுமாறிப்போனது. காசுக்கு ஆசைப்பட்டு ஓடிப்போன ஆட்டக்காரர்கள்தானே அதற்குப் பொறுப்பு?

பதில்: கடன் வாங்கியவன் ஓடிப்போவான். வீட்டார் சம்மதிக்காத காதலர்கள் ஓடிப்போவார்கள். ஒரு வேலையை விட்டு நல்ல சம்பளத்துக்கு வேறு வேலைக்குப் போகிறவன் ஏன் ஐயா ஓடிப்போனவன் ஆகிறான்? ஆலை ஆயிரம் பேரை வெளியே அனுப்பினால் அது 'ஆட்குறைப்பு'; ஐந்து பேர் தாங்களாகக் கிளம்பினால் 'ஓட்டம்'. முதலாளி வாயிலிருந்து வரும் வினைச்சொல்லை அப்படியே அச்சில் ஏற்றாதீர்கள் என்று என் உதவி ஆசிரியர்களோடு இன்றைக்கும் சண்டை போடுகிறேன். இந்தப் பக்கத்தின் பழைய வாசகர்களுக்கு அது தெரியும்.

அதிலும் நீங்கள் குற்றம் சாட்டுகிறவர்களில் 'கூல் பாப்பா' பெல் இருக்கிறார். ஓடுவதுதான் அவர் தொழில்! சுவிட்சை அணைத்தால், அறை இருட்டாவதற்குள் பெல் படுக்கைக்குப் போய்விடுவார் என்று அவருடைய சகா சாட்செல் பேஜ் ஊரெல்லாம் சொல்லி மகிழ்ந்தார். அது வெறும் புளுகு இல்லை. விடுதி ஒன்றில் சுவிட்ச் பழுது. அணைத்த பிறகும் விளக்கு சற்று நேரம் எரிந்தது. அதைக் கண்டுகொண்ட பெல், பேஜிடம் பந்தயம் கட்டி ஜெயித்தார். இத்தனை வேகமான மனிதரை மைதானத்தில் ஓடியதற்காக நினைவில் வையுங்கள்.

இனி கணக்கைப் பார்ப்போம். 1936இல் பேஜ், ஜாஷ் கிப்சன், பெல், ஜூடி ஜான்சன், ஆஸ்கர் சார்ல்ஸ்டன் ஐவரும் ஒரே கிராஃபோர்ட்ஸ் சட்டை அணிந்து ஆடினார்கள். பின்னாளில் ஐவருமே தலைசிறந்த ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் பேஸ்பால் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார்கள். அந்த அணியை முதலில் கலைத்தவர் யார்? உரிமையாளர் கஸ் கிரீன்லீ. 1937 மார்ச்சில் கிப்சனையும் ஜான்சனையும் ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணிக்குக் கொடுத்துவிட்டு, 2,500 டாலரும் இரண்டு ஆட்டக்காரர்களும் வாங்கிக்கொண்டார். அதை மட்டும் 'பரிமாற்றம்' என்கிறார்கள்.

அதற்குப் பிறகுதான் டொமினிகன் குடியரசின் ஆட்கள் பேஜைத் தேடி வந்தார்கள். சர்வாதிகாரி ட்ருஹில்லோவின் பெயரையே தாங்கிய தலைநகரத்து அணிக்கு ஆள் சேர்க்க 30,000 டாலர் தந்தார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. பேஜ் போனார், சக ஆட்டக்காரர்கள் பெல், பாங்க்ஹெட், மேட்லாக் போனார்கள். ட்ருஹில்லோவுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் ஹெய்ட்டி மக்களை ஆயிரக்கணக்கில் கொன்று குவித்த கொடியவன் அவன். ஆனால் சொந்த நாட்டில் எத்தனையோ விடுதிகளில் அறையும் உணவகங்களில் சோறும் மறுக்கப்பட்டு, பஸ்ஸிலேயே தூங்கி ஊர் ஊராக ஆடியவர்களிடம் போய், இருந்த இடத்திலேயே இரு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மிஞ்சியவர்களை வைத்துக்கொண்டு நாற்பது வயது சார்ல்ஸ்டன் அணியையும் நடத்தி, தானும் ஆடினார். தொடக்கத்தில் தடுமாறாமல் வேறென்ன செய்வார்கள்?

கிரீன்லீ மீதும் எனக்கு மரியாதை உண்டு. வெள்ளையர் மைதானத்தில் உடைமாற்றும் அறைகூடத் தராததால், 1932இல் தம் மக்களுக்கென்று அரங்கம் கட்டியவர் அவர். 1938இல் அதை இடித்துவிட்டார்கள்; அங்கே குடியிருப்பு எழுந்தது.

பெல்? ஆட்டம் ஓய்ந்தபின் செயின்ட் லூயிஸ் மாநகராட்சிக் கட்டடத்தில் துப்புரவுப் பணியும் இரவுக் காவலும் பார்த்தார். 1970 வரை அந்த வேலையில்தான் இருந்தார்.