சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை கடலோரமாகவே சைக்கிளில் போக முடியுமா? எப்போது கிளம்புவது நல்லது?

போகலாம். இரண்டு முறை கிளம்பி ஒரு முறை போய்ச் சேர்ந்தவன் நான்.

தூரம் சுமார் 600 கிலோமீட்டர். வழியில் மலை கிடையாது. மேடு என்றால் ஆற்றுப் பாலங்களின் ஏற்றம்தான். வரைபடத்தைப் பார்த்தால் 'இவ்வளவுதானா' என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. ஆனால் மலை இல்லாத குறையை இந்தச் சாலையில் காற்று தீர்த்துவைக்கும். எத்தனை கியர் சைக்கிள், என்ன டயர் என்பதெல்லாம் அப்புறம். முதலில் எந்த மாதம் என்று முடிவு செய்யுங்கள்.

முதல் தடவை ஜூலையில் கிளம்பினேன். லீவு அப்போதுதான் கிடைத்தது, வேறு யோசனை இல்லை. வேளாங்கண்ணி வரை வெயிலைத் தவிரப் பெரிய தொல்லை ஒன்றுமில்லை. கோடியக்கரையில் கரை மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டு போய் மேற்கே திரும்புகிறது இல்லையா, சிக்கல் அங்கிருந்துதான். முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம் என்று சாலை தென்மேற்காக இறங்கும். ஜூலையில் காற்றும் தென்மேற்கிலிருந்தே அடிக்கும். அந்தப் பக்கத்து மீனவர்கள் அதைக் கச்சான் என்பார்கள். மூஞ்சிக்கு நேரே வரும், சாயங்காலம் வரை ஓயாது.

கணக்காகவே சொல்கிறேன். நீங்கள் மணிக்கு 20 கிலோமீட்டரில் மிதிக்கிறீர்கள், எதிர்க்காற்றும் 20 என்றால், காற்று உங்களைத் தள்ளும் விசை இரண்டு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்கு ஆகிறது. முந்தின நாள் வரை 20, 22 என்று காட்டிய மீட்டர் மீமிசல் தாண்டியதும் 9 காட்டியது. பனையோலைகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து சடசடவென்று அடித்துக்கொண்டிருந்தன. இறங்கித் தள்ளினால் இதைவிடச் சீக்கிரம் போகலாமோ என்று நிஜமாகவே யோசித்தேன்.

தொண்டிக்கு முன்னால் ஒரு பஞ்சர் கடை. பெரியவர் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி தேடிக்கொண்டே கேட்டார்: "எங்கேருந்து தம்பி வர்றீங்க?" சென்னை என்றேன். "கச்சான் காலத்துல தெக்க பாத்தா? கடலுக்குப் போறவனே காத்தைப் பாத்துட்டுத்தான் வள்ளத்தை எடுப்பான். பேசாமத் திருப்புங்க, மிதிக்காமலே மெட்ராஸ் போயிரலாம்."

அன்று மாலை மீன் பெட்டி ஏற்றிப் போன ஒரு குட்டியானை வண்டியில் சைக்கிளையும் என்னையும் போட்டுக்கொண்டு ராமநாதபுரம் போய், பஸ் பிடித்து ஊர் வந்தேன். அந்தச் சட்டையை அதற்குப் பிறகு போடவில்லை.

அடுத்தது ஜனவரி, பொங்கல் கழிந்து. வடகிழக்கிலிருந்து வரும் வாடை முதுகில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருந்தது. அதே மீமிசல் சாலையில் 24. ஆகவே என் பதில்: பொங்கலுக்கு அப்புறம் பிப்ரவரி கடைசி வரை. நவம்பர், டிசம்பரிலும் காற்று சாதகம்தான், ஆனால் மழை, புயல். மார்ச் பாதிக்கு மேல் வெயில் தாங்காது, ராமநாதபுரம் பக்கம் சாலையோரத்தில் சீமைக்கருவேலம்தான், ஒதுங்க நிழல் கிடைக்காது. ஜூன், ஜூலையில்தான் லீவு என்றால் பெரியவர் சொன்னதைச் செய்யுங்கள்: சைக்கிளை ரயிலில் ராமேஸ்வரம் கொண்டுபோய், அங்கிருந்து வடக்கே மிதித்து வாருங்கள்.

இனி வழி. திருவான்மியூரிலிருந்து புதுச்சேரி வரை ஈசிஆர் என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலை, சுமார் 150 கிலோமீட்டர். எல்லோரும் புகழ்வது இந்தப் பகுதியைத்தான், எனக்கு மாமல்லபுரம் வரை பிடிக்காது. சனி, ஞாயிறில் கார்கள் பறக்கும். வார நாளில் அதிகாலை நாலரைக்குக் கிளம்பி, விடிவதற்குள் கோவளத்தைத் தாண்டிவிடுங்கள். பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம். சைக்கிளுக்கென்று தனிப் பாதை எதிர்பார்க்காதீர்கள், வெள்ளைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் கிடைக்கிற இடம்தான் நமக்கு.

பாலாற்றைத் தாண்டிய பிறகுதான் சாலை மூச்சுவிடும். கடப்பாக்கத்தில் இடப்பக்கம் திரும்பினால் ஆலம்பரைக் கோட்டை. பாதி இடிந்த செங்கல் சுவர்கள், கீழே கழிமுகம், படகு. அடுத்து மரக்காணம் உப்பளங்கள். நான் போனபோது மழைக்குப் பிறகு பாத்திகளைக் காலால் மிதித்துச் சமப்படுத்திக்கொண்டிருந்தார்கள், புது உப்பு வர இன்னும் நாள் இருந்தது. சாலையோரத்தில் கீற்று போட்டு மூடிய பழைய உப்புக் குவியல்கள் வரிசையாகக் கூரை வீடுகள் மாதிரி நின்றன. காரில் நாலைந்து தடவை இந்த வழியாகப் போயிருக்கிறேன், ஒரு தடவைகூட அவற்றைக் கவனித்ததில்லை.

புதுச்சேரியிலிருந்து கடலூர் வரை லாரிப் புகை, சொல்ல ஒன்றுமில்லை. சிதம்பரம், சீர்காழி வழியாகத் தரங்கம்பாடிக்கு வந்துவிட்டால் ஒரு இரவு தங்குங்கள். டேனிஷ்காரர்கள் 1620இல் கட்டத் தொடங்கிய கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. கால் வலிக்கு அந்தக் கடற்கரை மணல் போதும். நாகூரில் இறால் வைத்த வாடா சாப்பிடாமல் தாண்டாதீர்கள். அறைக்கு வேளாங்கண்ணி வசதி. அதற்குத் தெற்கே லாட்ஜ்கள் குறைவு, சைக்கிளை அறைக்குள் வைக்க விடுவார்களா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மல்லிப்பட்டினம் அருகே சரபோஜி மன்னர் கட்டிய மனோரா கோபுரம் இருக்கிறது, இளைப்பாற நல்ல இடம். தொண்டி, தேவிபட்டினம், ராமநாதபுரம் என்று வழி போகும். கூடுதல் டியூப் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள், கருவேல முள் யாரையும் விடாது.

ராமநாதபுரத்தில் சாலை கிழக்கே திரும்பும், அதுவரை தள்ளிவிட்ட வாடை இனி இடப்பக்கத்திலிருந்து இடிக்கும். பாம்பன் சாலைப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், நடுவில் உயரம். ரயில் பாலத்தைப் பார்க்க வண்டிகளை ஓரமாக நிறுத்தியிருப்பார்கள். அவற்றைச் சுற்றிப் போகும்போது ஒரு பஸ்ஸும் வந்து, காற்றும் ஒரு தள்ளு தள்ளினால் கதை கந்தல். நான் இறங்கி உருட்டிக்கொண்டே போனேன். வெட்கமெல்லாம் படவில்லை.

கடைசி இருபது கிலோமீட்டர்தான் தனுஷ்கோடி. 1964 புயலில் அழிந்த ஊரைக் கடந்து அரிச்சல்முனை வரை 2017இலிருந்து தார்ச்சாலை இருக்கிறது. கடைசியில் இரண்டு பக்கமும் கடல். இடப்பக்கத்தைப் பெண் கடல் என்பார்கள், வலப்பக்கத்தை ஆண் கடல். நான் போன ஜனவரியில் பெண் கடல்தான் பொங்கிக்கொண்டிருந்தது, ஆண் கடல் குளம் மாதிரி கிடந்தது. கச்சான் காலத்தில் அப்படியே தலைகீழாம். காலையிலேயே போய்விடுங்கள், சாயங்காலம் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

நான் ஏழு நாள் எடுத்துக்கொண்டேன். திரும்ப ராமேஸ்வரத்தில் ரயில் ஏற்றினேன். பார்சல் ஆபீஸுக்கு ரயில் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் போங்கள், சைக்கிளைச் சாக்கு சுற்றிக் கட்டி எடுத்துப் போனால் வேலை சுலபம். வீடு வந்ததும் தூங்கப் போவதற்கு முன் நல்ல தண்ணீரில் கழுவி, செயினுக்கு எண்ணெய் விடுங்கள். நான் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன், காலையில் செயின் முழுக்கச் செம்மண் நிறம்.